ஓலை வாசிச்ச பொண்ணு தண்ணியில போகக்கூடாது

ஏப்ரல் 9, புதன்

ஸ்கூலில் ரிசல்ட் வேலை முடிந்தது. நாளையிலிருந்து லீவு. மூணாம் வகுப்பு பி செக்‌ஷன் சத்தம் இல்லாமல் கொஞ்ச நாள், சாமி புண்ணியம். பிளவுஸ் தைக்கிறவர் இன்னும் துணியில் கத்திரியே வைக்கவில்லை. "நாளைக்கு மேடம்" என்கிறார். அவருக்கு வருஷம் பூரா நாளைக்குதான்.

சாயங்காலம் சம்மந்தியம்மா ஜூடித் போன் பண்ணினார். என் பொண்ணு லவினாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை டேரிலோட அம்மா; கல்யாணம் மே பதினைந்து. தங்கமான மனுஷி, வாய் மட்டும் நிக்காது.

"ஜூலியா, ஒரு ஐடியா! மே ஒண்ணு எல்லாருக்கும் லீவு. ஆனேக்கல் தாண்டி ஒரு ஏரி ரிசார்ட் இருக்கு. ரெண்டு குடும்பமும் போலாம். போட்டிங்! நம்ம லவினாவைக் கொண்டாட. நலங்குல உக்காரவெச்சு எண்ணெய் தடவிட்டா ஆச்சா? பொண்ணு ஒரு நாள் சிரிச்சு விளையாட வேணாமா?"

"ஆஹா, நல்லா இருக்குமே" என்றேன். வேறென்ன சொல்ல? போனை வைத்ததும் சமையல்கட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

லவினாவுக்கு 'அது' உண்டு என்று அவங்க வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதோட பேரை இந்த நோட்டில் கூட எழுத மாட்டேன். எழுதினால் வந்துவிடுமோ என்று பயம். பதினேழு வயசில், பி.யு.சி. படிக்கும்போது ஒரு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கண் மேலே போய், கை கால் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை. கீழ் வீட்டு ருக்கு ஓடிவந்து இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தாள். டாக்டரம்மா பிற்பாடு சிரித்தார்: "இரும்பு ஒண்ணும் செய்யாதும்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, தானா நிக்கும்." அப்புறம் ரெண்டு மூணு முறை வந்தது. மாத்திரையில் அடங்கி ஏழு வருஷம் ஆச்சு. ஆனாலும் என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பின் பழைய பூட்டுச் சாவிக் கொத்து இன்னும் என் ஹேண்ட்பேகில்தான் கிடக்கிறது. தோள் வலிக்கும். எடுக்க மனசு வராது.

ஏழு வருஷம் வராதது ஏரி நடுவில் வந்தால்?

ஏப்ரல் 10, வியாழன்

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் தண்ணி.

ஏப்ரல் 12, சனி

இவரிடம் சொன்னேன். ரெமிஜியஸ் பேப்பரைக்கூட மடிக்கவில்லை. "சொல்லிடலாம் ஜூலி. மடியில கனம் இருந்தா வழியில பயம் இருக்கத்தான் செய்யும்."

பழமொழி மட்டும் நல்லா வரும் இந்த மனுஷனுக்கு! இதுக்கு முந்தி வந்த வரனுக்கு யோக்கியமாகச் சொன்னோமே, என்ன ஆச்சு? ஓசூர்க்காரங்க. பையனும் பிடிச்சிருக்குன்னான். நான் வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் அந்த அம்மா காபி டம்ளரை அப்படியே வெச்சுட்டு எழுந்தாங்க. காபியில ஆடை கட்டி நின்னுது. லவினாதான் அந்த டம்ளரை எடுத்துட்டுப் போய்க் கழுவினா. இன்னொரு தடவை என் பொண்ணு அந்த மாதிரி டம்ளர் கழுவக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும். தப்பா?

"கல்யாணம் முடியட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றேன்.

"இதுவரைக்கும் எத்தனை ஆச்சு?" என்றார்.

மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் மாற்றி வைத்தது ஒன்று. லவினா டேரிலிடம் மூச்சு விடக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினது இன்னொன்று. பாக்கி நிறைய இருக்கு.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஐயோ, என்ன காரியம் பண்ணினேன்.

பூசை முடிந்து குருத்தோலையோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஜூடித்தும் அவர் வீட்டுக்காரர் ஓஸ்வால்டும். அவங்க கோவில் ஃபிரேசர் டவுன் பக்கம், பூசை பார்த்துட்டு நேரா இங்க அடுகோடிக்கு வந்திருக்காங்க. ஜூடித் போனில் படகுப் படமாகக் காட்டினார். கால் மிதிக்கிற படகு, துடுப்புப் படகு, இயந்திரப் படகு. "லவினாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று வேறு கேட்டார். லவினா உள்ளே டிரஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். என் கையில் அந்தக் குருத்தோலை. அதைப் பார்த்தேனா, என்ன தோணிச்சோ, சொல்லிவிட்டேன்:

"சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ஓலை வாசிச்ச பொண்ணு தண்ணியில போகக்கூடாதுன்னு எங்க பக்கத்துல ஒரு ஐதீகம். தாலி ஏறுற வரைக்கும்."

கல்யாணத்துக்கு முந்தின மூணு ஞாயிறும் கோவிலில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகன், இன்னார் மகள், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று. எங்க முதல் ஓலை ஏப்ரல் 27. மே ஒண்ணுக்கு அப்போ போக முடியாதே! எவ்வளவு கச்சிதமான பொய். சொன்ன எனக்கே நிஜம் போல இருந்தது. இவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூடித் முகம் வாடியது. "அப்படியா? எங்க பக்கம் கேள்விப்பட்டதே இல்லையே. ஆனா ஐதீகம்னா ஐதீகம்தான்" என்றார். பாவமாக இருந்தது. ஆனாலும் நாலு நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

ஜூடித் போன். "ஜூலியா, நல்லவேளை முன்னாடியே சொன்னீங்க! ரிசார்ட்ல பேசிட்டேன். முதல் ஓலைக்கு முந்தின நாளே போயிடலாம். இருபத்தாறு, சனிக்கிழமை. ஐதீகமும் கெடாது."

வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

லவினா காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கவில்லை, ஒருசந்தி நோன்பாம். பட்டினி கிடந்தால் அது வரும் என்று டாக்டரம்மா தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். கஞ்சியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தேன். வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, "மம்மி, ஓலை வாசிச்சா தண்ணியில போகக்கூடாதுன்னு யார் சொன்னது?" என்றாள்.

டேரில் அவளிடம் கேட்டிருக்கிறான். இவளுக்கு முழிப்பதைத் தவிர வழியில்லை.

"உன் நல்லதுக்குத்தாண்டி சொன்னேன்."

"டாக்டர் போன மாசமே சொன்னாங்க, லைஃப் ஜாக்கெட் போட்டு ஆளுங்களோட தாராளமா போகலாம்னு. நீங்களும் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? என்னைவிட உங்களுக்குத்தான் மம்மி சீக்கு."

பெரிய வெள்ளி அன்றைக்குப் பெத்தவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா? கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளும் சாத்திக்கொண்டாள். இவர் நடுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிலுவைப் பாதை படித்தார்.

அவள் சொன்னது உண்மைதான். டாக்டரம்மா சொல்லும்போது நானும் இருந்தேன். ஆனால் டாக்டரம்மாவுக்கு என்ன, அவர் படகில் வரப்போகிறாரா?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மட்டன் பிரியாணி. ருசியே தெரியவில்லை. எல்லாரும் நல்லா இருந்தது என்கிறார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

கூகுளில் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. சில பேருக்கு வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தால் வருமாம். தண்ணியில் வெயில் பட்டால் அப்படித்தானே அடிக்கும்? கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய் லவினாவுக்குப் பெரிய கூலிங் கிளாஸ் வாங்கி வந்தேன். "எனக்கு அந்த டைப் இல்லைன்னு டெஸ்ட்லயே தெரிஞ்சுடுச்சு மம்மி" என்றாள். இருக்கட்டும். போட்டுக்கொண்டால் குறைந்தா போய்விடும்?

நேற்று அவள் டேரிலோடு போனில் பேசிப் பேசித் தூங்க வெகு நேரம் ஆச்சு. தூக்கம் கெட்டாலும் வரும். யாரிடம் போய் அழ?

ஏப்ரல் 25, வெள்ளி

புளிசாதம், முட்டை, தண்ணி பாட்டில், கால்சியம் டப்பா, துண்டு, கூலிங் கிளாஸ். சாவிக் கொத்து. மாதாவே, நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

ஏப்ரல் 26, சனி

முடிந்தது. எல்லாம் முடிந்தது. எழுதவே கை வரலை. எழுதாமலும் இருக்க முடியலை.

காலையில் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஜூடித் லவினாவின் தோளில் ரோஸ் கலர் பட்டை ஒன்றைக் குறுக்கே மாட்டிவிட்டார், 'மணப்பெண்' என்று பொன் எழுத்தில். அழகிப் போட்டிக்குப் போகிறவள் மாதிரி நின்றாள். ஓஸ்வால்ட் கேக் வெட்ட வைத்தார். டேரில் அவள் மூக்கில் கிரீம் பூசினான். அவள் துரத்தினாள். என் பொண்ணு ஓடிப்பிடித்து விளையாடி எத்தனை வருஷம் ஆச்சு. எனக்கே கண் கலங்கிப்போச்சு. இதைக் கெடுக்கத்தானே நான் பொய் சொன்னேன்?

ரெண்டு பேர் மட்டும் மிதிக்கிற படகில் போகிறோம் என்று டேரில் கேட்டான். நான்தான், எல்லாரும் ஒன்றாகப் போவோமே என்று மல்லுக்கட்டிப் பெரிய துடுப்புப் படகில் ஏற வைத்தேன். லவினா நடுவில், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஜூடித். எதிரே டேரிலும் ஓஸ்வால்டும். இவர் பின்னால், படகுக்காரர் பக்கம். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். அது ஒரு வாடை. நான் அவள் பட்டையின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். தண்ணி பக்கமே பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரி நடுவில் டேரில், "கண்ணாடியைக் கழட்டு, ஒரு போட்டோ" என்றான். கழற்றினாள். வெயில் நேரா முகத்தில் அடித்தது. கண் சிமிட்டினாள். இமை படபடவென்று துடித்தது, முகம் கோணியது, வாய் திறந்து தலை பின்னால் போனது —

எனக்கு ஒன்றுமே தெரியலை. எழுந்து நின்றுவிட்டேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "கூத்கொள்ளி அம்மா, கூத்கொள்ளி!" என்று படகுக்காரர் கன்னடத்தில் அலறினார். நான் உட்காரவில்லை. பையைக் கவிழ்த்து, சாவிக் கொத்தை எடுத்து அவள் கையில் திணித்து, "பிடி! இரும்பைப் பிடிடி! விடாதே!" என்று கத்தினேன்.

லவினா தும்மினாள்.

தும்மல்தான். வெறும் தும்மல். அடுத்தடுத்து ரெண்டு.

டேரில் முதலில் சிரித்தான். மற்ற யாரும் சிரிக்கவில்லை. ஜூடித் அந்தச் சாவிக் கொத்தையே பார்த்தார். கையில் இரும்பு எதுக்குக் கொடுப்பாங்கன்னு எந்தத் தமிழ் வீட்டுப் பொம்பளைக்குத் தெரியாது?

"ஜூலியா, எதுக்கு இரும்பு?"

"அது... கண்ணேறு படாம இருக்க... எங்க பக்கத்துல ஒரு ஐதீகம்..."

"மம்மி, போதும்" என்றாள் லவினா. கத்தவில்லை. சாவியை மடியில் வைத்துக்கொண்டு ஜூடித் பக்கம் திரும்பி, அந்தப் பேரைச் சொல்லியே சொன்னாள். எப்போ வந்தது, எப்போ நின்றது, கால்சியம் டப்பாவில் என்ன மாத்திரை, எல்லாம். தண்ணி ஐதீகமும் பொய் என்று சொன்னாள். "டேரில், உன்கிட்ட சொல்லாததுக்கு சாரி. மம்மி தலையில சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனா அது சாக்கு. எனக்கும் பயம்தான்."

கரை எவ்வளவு தூரத்தில் இருந்தது! எழுந்து போகவும் முடியாது, கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். துடுப்புச் சத்தம் மட்டும்.

கரையில் இறங்கியதும் ஜூடித் பட்டையைச் சரிசெய்வது போல லவினா தோளைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். சாப்பாடு அப்படியே இருந்தது. புளிசாதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். டேரில் போகும்போது லவினாவைப் பார்க்கவில்லை.

நானேதான். மறைச்சு மறைச்சு வெச்சது நான், நடு ஏரியில கொட்டினதும் நானே. பாவி.

ஏப்ரல் 27, ஞாயிறு

எங்கள் கோவிலில் ஓலை வாசித்தார்கள். சாமியார் "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்றபோது தலை நிமிர முடியவில்லை.

அவங்க கோவிலில் வாசிக்கவில்லையாம். ஜூடித் காலையிலேயே ஃபாதரிடம் போய், இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஓஸ்வால்ட் இவருக்குப் போன் பண்ணி இதை மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பிளவுஸ் தைத்து வந்துவிட்டது. இப்போதுதானா வர வேண்டும்.

லவினா நல்லாத் தூங்குகிறாள். ஆபீஸ் போகிறாள், வருகிறாள். டேரிலிடமிருந்து போன் இல்லை. "அழுடி, அழுது தொலை" என்றேன். "எனக்கு லேசா இருக்கு மம்மி" என்றாள். எனக்குத்தான் கனம்.

மே 1, வியாழன்

டேரில் வந்தான்! பைக் சத்தம் கேட்டதும் அடுப்பில் பாலை வைத்தேன். அவன் உட்காரவில்லை. நான் நீட்டின காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அந்தக் காபியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, நேத்து ராத்திரி லவினாகிட்ட பேசினேன். நாளைக்கு அவளுக்கு டாக்டர் செக்கப்பாமே. நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கும் கேக்க வேண்டியது இருக்கு."

"தாராளமா போப்பா. வீட்டுல அம்மா...?"

"மம்மி பேச மாட்டேங்கிறாங்க. நானும் ரெண்டு நாள் கோபமாத்தான் இருந்தேன். வியாதிக்கு இல்லை ஆன்ட்டி. நான் போன்ல விடிய விடிய பேசி அவ தூக்கத்தைக் கெடுத்திருக்கேன். அதுவே அவளுக்கு ஆகாதாமே. தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேனா?"

இவ்வளவு காலமாக அவங்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் பயந்தேன். தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா?

காபியைக் குடித்தான். முழுசும். டம்ளரை உள்ளே கொண்டுபோய்க் கழுவியும் வைத்தான்.

மே 3, சனி

ஜூடித் இன்னும் பேசவில்லை. நாளைக்கும் ஓலை வாசிக்காவிட்டால் பதினைந்தாம் தேதி கல்யாணம் இல்லை. பையன் சரி என்றாலும் அம்மா மனசு வைக்க வேண்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுது பதிமூணு நாள் தாங்கிச்சு, அவ்வளவுதான்.

மே 4, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அவங்க கோவிலுக்குப் போனேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு. பூசை ஒன்றும் காதில் ஏறவில்லை. முடிவில் அறிவிப்பு. பக்த சபைக் கூட்டம், ஞானோபதேச வகுப்பு, தொலைந்துபோன குடை... குடைக்கு அவ்வளவு நேரமா ஃபாதர்!

அப்புறம் சொன்னார்: "ஓஸ்வால்ட், ஜூடித் இவர்களின் மகன் டேரில். அடுகோடி பங்கைச் சேர்ந்த ரெமிஜியஸ், ஜூலியா இவர்களின் மகள் லவினா. முதலாவதும் இரண்டாவதும் ஓலை."

சத்தம் போட்டு அழுதிருக்கிறேன் போல. முன் வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே மாதா சொரூபம் வைத்த கெபியண்டை ஜூடித் நின்றுகொண்டிருந்தார். தூண் மறைக்கவில்லை போலிருக்கிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கையைக் கொடுத்தார், சிரிக்கவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு ஜூலியா. அது சீக்கிரம் போகாது. அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணிச்சு? மறைக்கிற அளவுக்கு அவகிட்ட என்ன குறை? நீங்கதான் அவளைக் குறையா பார்த்திருக்கீங்க."

அறைந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதானே.

"சரி, சொல்லுங்க. எங்க வீட்டுல அவளுக்கு வந்தா நான் என்ன பண்ணணும்?" அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லித்தான் கேட்டார். சுற்றிலும் ஆட்கள். எனக்கு உடம்பு கூசியது. மெதுவான குரலில் சொன்னேன்: பதறக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, ரொம்ப நேரம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

"இரும்பு?"

"வேண்டாம். அது ஒண்ணும் செய்யாது."

"அப்போ ஏன் சுமக்கிறீங்க?" என்றார். ஒரு சொட்டுச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ?

மே 15, வியாழன்

கல்யாணம். மழை வரும்போல இருந்து வரவில்லை. வேறு எழுத நேரம் இல்லை. ஜூடித் என் பிளவுஸ் நல்லாயிருக்கு என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நேற்று லவினாவும் டேரிலும் அந்த ஏரிக்கே போய் மிதிக்கிற படகில் சுற்றினார்களாம். வந்த பிறகுதான் போன் பண்ணினாள். "முன்னாடியே சொன்னா நீங்க கரையில நிப்பீங்க மம்மி." நிற்பேன்தான். சாவிக் கொத்தை இவரிடம் கொடுத்துவிட்டேன். பழைய இரும்புக்குப் போட்டாராம்.

இன்றைக்குக் கோவில் வாசலில் எங்க பங்கைச் சேர்ந்த அன்னா பிடித்துக்கொண்டாள். அவள் மகளுக்குப் போன வாரம் முதல் ஓலை. மகள் சிநேகிதிகளோடு மைசூர்ப் பக்கம் படகு சவாரி போக ஆசைப்பட்டாளாம், இவள் முடியாது என்று சொல்லி வீட்டில் ஒரே அழுகையாம்.

"ஓலை வாசிச்ச பொண்ணு தண்ணியில போகக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே டீச்சர். உங்க லவினாவுக்குக்கூட நாளை மாத்தினீங்களாமே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அல்லது, காலம் மாறிப்போச்சு, அனுப்பு என்று நைசாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுற்றிலும் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அது நான் கட்டின பொய் அன்னா. உன் பொண்ணை அனுப்பு."

"பொய்யா? ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

"என் பொண்ணு லவினாவுக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை சாப்பிடறா, நல்லா இருக்கா. நான்தான் பயந்துட்டேன்."

சொல்லிவிட்டேன். அன்னா வாயைத் திறந்தபடி நின்றாள். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பூசைக்கு மணி அடித்தது, உள்ளே போனோம்.